கரிக்கு என்ன செட்டிங்?

அக்கா மகன் கேமரா வாங்கிவிட்டான். டி.எஸ்.எல்.ஆர். படித்தது மெக்கானிக்கல். பார்ப்பது கல்யாண போட்டோகிராபர் ஒருவரிடம் அசிஸ்டென்ட் வேலை. “இனிமே சொந்தமா இறங்கப் போறேன் மாமா” என்று அவன் போனில் சொன்னபோது, பின்னணியில் அக்கா ஏதோ பாத்திரத்தை ஓங்கி வைத்த சத்தம் எனக்குக் கேட்டது.

அடுத்து கேட்டான்: “இதுல பெஸ்ட் செட்டிங் எது மாமா?”

என்னைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. இருபது வருடமாகப் பத்திரிகை போட்டோகிராபர்களின் பைக்கில் பின்சீட்டில் உட்கார்ந்து ஊர் சுற்றியிருக்கிறேன். அவர்கள் லென்ஸ் மாற்றும்போது மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற அனுபவம் ஏராளம். அதனால் குடும்பத்தில் நான் கேமரா நிபுணன். நான் படித்தது பி.காம். என்பதை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

‘பெஸ்ட் செட்டிங் எது’ என்பது ‘உப்பு எவ்வளவு போடணும்’ என்று கேட்கிற மாதிரி. எதில் என்று சொல்ல வேண்டாமா? ஆனால் கேமரா கம்பெனிகளே இந்தக் கேள்விக்கு ஒரு பதில் வைத்திருக்கின்றன. மேலே ஒரு சக்கரம். அதில் பச்சை நிறத்தில் ஒரு கட்டம், ஓடுகிற ஆள், மலை, பூ, பெண்ணின் தலை என்று பொம்மைகள். பூ எடுக்கணுமா, பூவைத் திருப்பு. ஆள் ஓடுகிறானா, ஓடுகிறவனைத் திருப்பு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தேர்தல் சின்னம் கொடுத்த மாதிரி.

இன்னொரு விஷயம். டி.எஸ்.எல்.ஆரின் காலமே ஏறக்குறைய முடிந்துவிட்டது. கேனன், நிக்கான் இரண்டும் கடைசியாகப் புது மாடல்கள் இறக்கியது 2020-ல். அதன்பின் அவர்கள் கவனம் முழுக்கக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் பக்கம். 2003-ல் கேனன் 300டி வந்து, ஆயிரம் டாலருக்குள் டி.எஸ்.எல்.ஆர். என்று உலகமே வாயைப் பிளந்தது. ஆறு மெகாபிக்ஸல். இன்று அதைவிட அதிகம் பையில் கிடக்கும் போனில் இருக்கிறது. இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை. கையில் புதுப் பொருள் வைத்திருக்கிறவனிடம் அதன் விலை சரிந்த கதையைச் சொல்வது பாவம். தவிர, வெளிச்சத்தின் கணக்கு மாடலுக்கு மாடல் மாறுவதில்லை.

நாகூரில் ஒரு நண்பர் வீட்டுக் கல்யாணம் இருந்தது. “கேமராவை எடுத்துக்கிட்டு வா, பாத்துக்கலாம்” என்றேன்.

*

நாகூரிலிருந்து காரைக்கால் ரோட்டில் வடக்கே கொஞ்ச தூரம் போனால் கீழவாஞ்சூர். தமிழ்நாடு அங்கே முடிந்து புதுச்சேரி யூனியன் பிரதேசம் ஆரம்பிக்கிறது. 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காரைக்காலின் தெற்கு ஓரம். வாஞ்சூர் என்று சொன்னாலே நாகப்பட்டினத்துக்காரர்கள் ஒரு தினுசாகச் சிரிப்பார்கள். எல்லை தாண்டியதும் பாட்டில் மலிவு. வாஞ்சூர் செக்போஸ்ட் பெயர் போலீஸ் செய்திகளில் அடிபடுவதற்கும் அதுதான் காரணம்.

நான் சிரித்தது வேறு காரணத்துக்கு. உலகத்தில் கேமராவின் மீட்டரைச் சோதிக்க இதைவிடத் தோதான ஊர் கிடையாது. தெற்கே நாகூர் தர்காவின் வெள்ளை மினாராக்கள். பெரிய மினாரா தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டிக்கொடுத்தது, 131 அடி. இந்தப் பக்கம் கீழவாஞ்சூரில் 2009-ல் இயங்கத் தொடங்கிய காரைக்கால் துறைமுகம். அதில் வந்து இறங்கும் சரக்கில் முக்கியமானது நிலக்கரி. ஒரே வெயிலில், சில கிலோமீட்டர் இடைவெளியில், ஊரிலேயே வெள்ளையான பொருளும் ஊரிலேயே கறுப்பான பொருளும்.

காலை பத்தரை மணி. காரில் ஏசி. பையன் இறங்கியதும் கேமராவை எடுத்தான். வியூபைண்டர் முழுக்க வெள்ளைப் பனி.

“லென்ஸ் போச்சு மாமா!”

போகவில்லை. ஏசியில் குளிர்ந்த கண்ணாடி மேல் கடற்கரையின் ஈரக்காற்று படிந்தால் அப்படித்தான். துடைக்கக்கூடாது. பையோடு பதினைந்து நிமிஷம் வெளியே வைத்தால் தானாகச் சரியாகும். டீ குடித்தோம். எந்த செட்டிங் பட்டியலிலும் இது இருக்காது.

அப்புறம் பச்சைக் கட்டத்தில் வைத்து மினாராவைப் பெரிதாகச் சட்டம் நிறைய ஒன்று எடுக்கச் சொன்னேன். திரும்பி வந்து, ரோட்டிலிருந்தே, மூடாக்கு விலகிய ஒரு லாரியின் கரியைச் சட்டம் நிறைய இன்னொன்று. இரண்டையும் திரையில் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

மினாரா அழுக்கு வெள்ளையாக இருந்தது. மழையில் நனைந்த சுவர் மாதிரி. கரி சாம்பலாக இருந்தது. அடுப்பில் எரிந்து முடிந்த மாதிரி.

“கேமரா டிபெக்ட்டா மாமா? மாத்தித் தருவானா?”

டிபெக்ட் இல்லை. கேமராவுக்குள் இருக்கும் மீட்டருக்கு மினாராவும் தெரியாது, கரியும் தெரியாது. அது நம்பும் வேதம் ஒன்றுதான்: உலகத்தைச் சராசரி பார்த்தால் நடுச் சாம்பல். விழும் வெளிச்சத்தில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் என்பது பழைய கணக்கு. அதற்காகவே சாம்பல் அட்டை கடையில் விற்றார்கள். நல்ல வெள்ளைச் சுண்ணாம்பு எண்பது சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். நிலக்கரி நாலைந்து சதவீதம்தான். மினாராவைப் பார்த்ததும் மீட்டர் ‘அடேயப்பா, எவ்வளவு வெளிச்சம்!’ என்று குறைத்துவிடுகிறது. கரியைப் பார்த்ததும் ‘ஐயோ, இருட்டு!’ என்று கூட்டிவிடுகிறது. இரண்டும் சாம்பலாகின்றன. இப்போதைய கேமராக்கள் சட்டத்தைப் பல கட்டங்களாகப் பிரித்துப் பார்த்துக் கொஞ்சம் புத்திசாலித்தனமாகவே யோசிக்கின்றன. ஆனாலும் சட்டம் முழுக்க ஒரே நிறம் என்றால் இன்றைக்கும் தடுமாறும்.

மருந்து, பிளஸ்-மைனஸ் போட்ட ஒரு பட்டன். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன். வெள்ளைக்குப் பிளஸ், கறுப்புக்கு மைனஸ். கேட்டதும் தலைகீழாகத் தோன்றும். பையனுக்கும் தோன்றியது. “வெள்ளைதான் ஏற்கெனவே பளிச்சுனு இருக்கே, அதுக்கு எதுக்கு இன்னும் வெளிச்சம்?” என்றான். மீட்டர் திருடிக்கொண்டதைத் திருப்பிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

இதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்து பிலிம் ரோல் டப்பாவுக்குள் ஒரு சின்ன காகிதம் வரும். சூரியன் படம், மேகம் படம், பக்கத்தில் எண்கள். (நம் ஊட்டியிலேயே ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிம் தயாரித்தது. இன்று அந்தத் தொழிற்சாலை ஞாபகம்தான்.) அந்தக் காகிதத்தின் சாரம்: நல்ல வெயிலில் எஃப் 16 வைத்துக்கொள், ஷட்டர் வேகம் பிலிமின் எண்ணுக்குக் கீழே ஒன்று. ஐ.எஸ்.ஓ. 100 என்றால் 1/125 செகண்ட். அதையே எஃப் 8-க்குத் திறந்தால் 1/500.

மேனுவலில் எஃப் 8, 1/500, ஐ.எஸ்.ஓ. 100. பையனிடம் வைக்கச் சொன்னேன். கரியை எடு. அதே செட்டிங்கில், எதையும் தொடாமல், மினாராவை எடு.

கரி கரியாக இருந்தது. மினாரா மினாராவாக இருந்தது.

காரணம் ரொம்ப சாதாரணம். இரண்டின் மேலும் விழுவது ஒரே வெயில். கேமரா, பொருளிலிருந்து திரும்பி வரும் வெளிச்சத்தை அளந்து ஏமாந்தது. நாம் விழும் வெளிச்சத்தைக் கணக்கு வைத்தோம். பையன் கேமராவை ஒரு தரம், சூரியனை ஒரு தரம் பார்த்தான். அறுபதாயிரமோ எழுபதாயிரமோ கொடுத்து வாங்கிய பொருளைக் காகிதத் துண்டு ஒன்று ஜெயித்த வருத்தம் முகத்தில் தெரிந்தது.

அபர்ச்சர், ஷட்டர், ஐ.எஸ்.ஓ. மூன்றையும் எனக்குப் புரிந்த மொழியில் அவனுக்குச் சொன்னேன். டபுள் என்ட்ரி. ஒரு பக்கம் ஒரு ஸ்டாப் பற்று வைத்தால் இன்னொரு பக்கம் ஒரு ஸ்டாப் வரவு வைக்கணும். எஃப் 8-ல் 1/500-ம், எஃப் 5.6-ல் 1/1000-மும் மொத்தத்தில் ஒன்றே. வித்தியாசம், எந்தக் கணக்கில் செலவு எழுதுகிறாய் என்பது. லென்ஸை அகலத் திறந்தால் பின்னணி கலங்கும். ஷட்டரைக் குறைத்தால் கை ஆடும், வலை வீசுகிறவரின் வலை மங்கும். ஐ.எஸ்.ஓ.-வைக் கூட்டினால் கடன் வாங்கின மாதிரி. வட்டியாகப் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும். கல்யாண மண்டபத்தில் கடன் வாங்காமல் முடியாது. வாங்கலாம், தப்பில்லை. கலங்கின தாலிகட்டு படத்தைவிடப் புள்ளி விழுந்த தாலிகட்டு படம் ஆயிரம் மடங்கு மேல்.

*

கல்யாணம் என்றதும் ஞாபகம் வருகிறது. எனக்கு நம் கல்யாண ஆல்பங்கள் மேல் ஒரு பழைய கோபம் உண்டு.

மாப்பிள்ளை பட்டு வேட்டி, சட்டை. இரண்டும் வெள்ளை. முகம் நல்ல மாநிறம், அல்லது கறுப்பு. மீட்டர் என்ன செய்யும்? வேட்டியைப் பார்த்துக் குறைக்கும். முகம் இருண்டு போகும், பல் மட்டும் தெரியும். இது நம் ஊரின் தினசரிக் கணக்கு. இதற்கு ஒன்றரை ஸ்டாப் பிளஸ் வைத்து முகத்துக்கு வெளிச்சம் கொடுப்பது ஒரு வழி. வேட்டியின் மடிப்பு கொஞ்சம் வெளுத்துப் போகும், போகட்டும். அல்லது முகத்தை மட்டும் அளக்க ஸ்பாட் மீட்டரிங். அதிலும் கவனம் வேண்டும். கறுத்த முகத்தை அளந்தால் அதையும் சாம்பலாக்கப் பார்க்கும்.

ஆனால் நம் ஆல்பங்கள் செய்வது வேறு. முகத்தை முகமாக எடுக்க மெனக்கெடாமல், எடுத்தபின் கம்ப்யூட்டரில் வெளுக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஸ்டூடியோவில் பென்சில் வைத்து நெகட்டிவில் ‘டச்சிங்’. இன்று மவுஸ் வைத்து. பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே சுண்ணாம்பு டப்பாவில் முங்கி எழுந்த மாதிரி வருகிறார்கள். கேமராவிலேயே ‘போர்ட்ரெய்ட்’ என்று ஒரு ஸ்டைல் இருக்கிறது. தோலை மிருதுவாக்கி இளஞ்சிவப்பின் பக்கம் தள்ளும். யாருடைய தோலுக்கு அது இயல்பு?

இது நம் ஊரில் மட்டும் பிறந்த வியாதி இல்லை. கோடாக் காலத்தில் கலர் பிரிண்ட் போடும் லேப்களில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். ‘ஷெர்லி கார்டு’ என்பார்கள். அவள் தோல் சரியாக வந்தால் மெஷின் சரி. கறுப்புத் தோல் எப்படி வரும் என்று பல பத்தாண்டுகள் யாரும் அதை வைத்துச் சோதிக்கவில்லை. பிலிம் போனாலும் ‘சரியான நிறம்’ எது என்ற கேள்வி அப்படியேதான் டிஜிட்டலுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

எனவே பையனுக்கு நான் சொன்ன முதல் உருப்படியான செட்டிங்: பிக்சர் ஸ்டைலை ‘நியூட்ரல்’-ல் வை. ‘விவிட்’ பக்கமே போகாதே. விவிட்டில் வாழை இலை பிளாஸ்டிக்காகும், மஞ்சள் பூசிய முகம் ஆரஞ்சாகும்.

அடுத்து ஒயிட் பேலன்ஸ். ஆட்டோவில் விட்டால் சாயங்கால மஞ்சளை ‘ஏதோ தப்பு நடந்துவிட்டது’ என்று நினைத்துக் கழுவிவிடும். கடற்கரையில் அஞ்சரை மணிக்கு ஜனங்கள் மேல் விழும் அந்தப் பொன் வெளிச்சத்துக்காகத்தானே போகிறோம்? ‘டேலைட்’-ல் வைத்துவிட்டால் காலையிலிருந்து சாயங்காலம் வரை வெளிச்சம் எப்படி மாறியதோ அப்படியே படத்திலும் மாறும். மண்டபத்துக்குள் டியூப்லைட்டும் சீரியல் பல்பும் வீடியோக்காரரின் லைட்டும் கலந்து அடிக்கும்போது மட்டும் ஆட்டோவே பரவாயில்லை. அந்தக் கலவையை எந்த மனுஷனாலும் தீர்க்க முடியாது.

*

பையனின் பட்டியலில் ஒரு வரி: ‘ப்ரொபஷனல்ஸ் எப்போதும் ரா-வில்தான் எடுப்பார்கள்.’

ரா என்றால் சென்சார் பார்த்ததைச் சமைக்காமல் அப்படியே சேமிப்பது. பல கேமராக்களில் 14 பிட், அதாவது ஒவ்வொரு புள்ளியிலும் 16,384 படிகள். ஜேபெக் என்றால் கேமராவே சமைத்துப் பரிமாறுவது, 8 பிட், 256 படிகள். கணக்கைப் பார்த்தால் ரா-தான் உசத்தி. ஆனால் ‘எப்போதும்’ என்பது பொய். 2015 நவம்பரில் ராய்ட்டர்ஸ் தன் ப்ரீலான்ஸ் போட்டோகிராபர்களுக்கு ஒரு கட்டளை போட்டது: ரா-விலிருந்து பிரித்தெடுத்த படங்கள் வேண்டாம், கேமராவில் ஜேபெக்காகவே எடுத்ததை அனுப்புங்கள். ஒரு காரணம் வேகம். இன்னொரு காரணம் நம்பிக்கை. அதே வருடம் வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியில் கடைசிக்கு முந்தைய சுற்று வரை வந்த படங்களில் ஐந்தில் ஒன்று, எடுத்தபின் வரம்பு மீறித் திருத்தியதாக வெளியேற்றப்பட்டது. ஐந்தில் ஒன்று! ஆடிட்டில் இப்படி வந்தால் கம்பெனியை இழுத்து மூடுவார்கள்.

அந்தப் போட்டியின் 2004-க்கான தலைசிறந்த படம் நம் கடற்கரையில் எடுத்தது. எடுத்தவர் ராய்ட்டர்ஸின் ஆர்கோ தத்தா. இடம் கடலூர். நாள் 2004 டிசம்பர் 28. சுனாமி வந்த மூன்றாம் நாள்.

படத்தைப் பார்த்திருப்பீர்கள். மணலில் முகம் கவிழ்ந்து ஒரு பெண். கைகள் விரிந்து, உள்ளங்கைகள் மேல் நோக்கி. ஓரத்தில், சட்டத்துக்குள் நுழைந்தும் நுழையாமலும், இறந்துபோன உறவின் கை. அவ்வளவுதான். கடல் இல்லை. அலை இல்லை. இடிந்த வீடு இல்லை. சுனாமிப் படம் என்று சொன்னாலொழிய சுனாமிக்கு அத்தாட்சியாக அதில் எதுவும் கிடையாது.

அந்த வாரத்தில் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில் பெரும்பாலானவை எல்லாவற்றையும் காட்டப் பார்த்தன. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். வைட் லென்ஸில் எதைத் திருப்பினாலும் நாசம். காட்டுவதற்குப் பஞ்சமில்லை. தத்தா காட்டாமல் விட்டதுதான் படம். அவளுடைய முகம்கூட நமக்குச் சரியாகத் தெரியாது. இறந்தவருக்கு ஒரு கைக்கு மேல் இல்லை. அதனால்தான் பார்க்கிற நாம் எட்டிப் பார்க்கிறவராக ஆகாமல் தப்பிக்கிறோம். எனக்கு அதில் ஒரே ஒரு நெருடல் உண்டு. இவ்வளவு அழகான சட்டத்தில் இவ்வளவு துக்கத்தை அடக்கலாமா என்று. பதில் கிடைத்தபாடில்லை. ஆனால் அந்தப் படம் இல்லாமல் அந்த வாரத்தை என்னால் நினைக்க முடியவில்லை என்பதும் உண்மை.

அது எந்த எஃப் எண், என்ன ஷட்டர் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பையனும் கேட்டான். பட்டப்பகல், திறந்தவெளி, மணல். நம்முடைய காகிதத் துண்டுக் கணக்கே போதும். அங்கே தீர்மானம் நடந்தது கேமராவில் இல்லை. எவ்வளவு கிட்டே போவது, எதை விளிம்புக்கு வெளியே தள்ளுவது, எப்போது எழுந்து விலகி வருவது. சக்கரத்தில் இதற்குப் பொம்மை கிடையாது.

செட்டிங் ரொம்ப முக்கியமான சமயமும் உண்டு. பாலாஜி சக்திவேலின் ‘வழக்கு எண் 18/9’ (2012) கேனன் 7டி என்ற ஸ்டில் கேமராவில் எடுத்த படம். ஒளிப்பதிவு விஜய் மில்டன். இந்த வகை கேமராவின் வீடியோ ஏற்கெனவே சமைத்து இறுக்கிய 8 பிட். எடுக்கும்போது முகம் வெளுத்துவிட்டால் பிறகு மீட்க முடியாது. ஷட்டரையும் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 1/50-ஐ விட்டு ரொம்ப நகர்ந்தால் நடை தடதடக்கும். இத்தனை கட்டுக்குள்ளும் பிளாட்பாரத்துக் கடையும் அபார்ட்மென்ட் வாசலும் அதில் அவற்றின் சொந்த நிறத்திலேயே வந்தன. பெரிய கேமரா வைத்தால் கூடும் கூட்டம் சின்ன கேமராவுக்குக் கூடாது என்பது இன்னொரு லாபம். கல்யாணத்திலும் அதே லாபம்தான்.

*

மத்தியானம் ஒரு தெருவில் நின்று பையன் பூனையை எடுத்துக்கொண்டிருந்தான். வாசலில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் கூப்பிட்டார்.

“தம்பி, பேப்பர்ல வர்ற ஆளுங்களா?”

நான் தலையாட்டினேன்.

“அப்ப மாடிக்கு வாங்க. ஒண்ணு காட்டறேன்.”

மொட்டை மாடி. கொடியில் வெள்ளைப் போர்வை. மதில் மேல் விரலால் தடவிக் காட்டினார். விரல் நுனி கறுத்தது. வடகம் காயப் போட்டு ரொம்ப நாளாச்சு என்றார். நாகூர்ப் பக்கத்து ஜனங்கள் நிலக்கரித் தூசி பற்றிப் புகார் சொல்வதும் போராடுவதும் பல வருடமாகச் செய்திகளில் வருவதுதான். இந்த அம்மாளுடைய பிரச்னை அதற்கு அடுத்த படி.

“பேரன் செல்போன்ல எடுத்துக் குடுத்தான் சார். பிரிண்ட் போட்டு மனுவோட வச்சோம். ஆபீஸ்ல பாத்துட்டு, ‘என்னம்மா, எல்லாம் ஒரே சாம்பக் கலரா இருக்கு, நிழலானு கேக்கறாங்க’ன்னுட்டாங்க.”

எந்த ஆபீஸ் என்பது இங்கே வேண்டாம். எந்த ஆபீஸிலும் சொல்லக்கூடியதுதான். என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேறு. போர்வை வெள்ளை, சட்டம் முழுக்க வெள்ளை. மீட்டர் அதைச் சாம்பலாக்கியிருக்கும். அதன் மேல் படிந்த சாம்பல் நிறத் தூசி அந்தச் சாம்பலோடு கலந்து மறைந்திருக்கும். காலையில் நாங்கள் விளையாட்டாகப் பார்த்த அதே கோளாறு.

பையன் ஏற்கெனவே மேனுவலுக்குத் திருப்பியிருந்தான். எஃப் 8, 1/500, ஐ.எஸ்.ஓ. 100. நான் சொல்லவில்லை.

போர்வையை எடுத்தான். பக்கத்தில் புது வெள்ளைக் காகிதம் ஒன்றைப் பிடிக்கச் சொல்லி இன்னொன்று, ஒப்பிட. மதிலின் மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்து ஒன்று, அளவு தெரிய. ரா, ஜேபெக் இரண்டும் சேர்த்துப் பதிவாகும்படி வைத்தான். ஜேபெக் மனுவுக்கு. ரா, ‘திருத்தினீர்களா’ என்று யாராவது கேட்டால் நீட்ட. திரையில் போர்வை வெள்ளையாகவும் அதன் மேல் தூசி தூசியாகவும் தெரிந்தன. அம்மாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, “ஆமா, இதேதான்” என்றார்.

நான் தகவல் பட்டனை அழுத்தினேன். தேதி, ஜனவரி 1. நேரம், ராத்திரி 2.40. வருஷமும் தப்பு.

வாங்கிய அன்றைக்குப் பெட்டியைப் பிரித்ததும் கேமரா முதலில் கேட்பது தேதியும் நேரமும்தான். எல்லோரும் செய்வதையே அவனும் செய்திருந்தான். ஓ.கே., ஓ.கே., ஓ.கே. என்று அமுக்கித் தாண்டிவிட்டான். கல்யாணத்தில் பரவாயில்லை, முகூர்த்த நேரம் பத்திரிகையிலேயே இருக்கும். இந்த மாடியில் பரவாயில்லை என்று விட முடியாது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63-வது பிரிவு, மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் கொடுத்தால் சான்றிதழ் கேட்கிறது. கோப்பின் ஹாஷ் எண் வரை எழுதணும். பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி. அங்கே போய் ‘நள்ளிரவு 2.40-க்கு எடுத்த வெயில் படம்’ என்று நீட்டினால் எதிர்க்கட்சி வக்கீலுக்குக் கொண்டாட்டம்.

பையன் முகம் சுருங்கிவிட்டது. போனைப் பார்த்து தேதி, நேரம், டைம் ஸோன் எல்லாம் வைத்தான். எல்லாப் படத்தையும் முதலிலிருந்து திரும்ப எடுத்தான்.

அம்மாளிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. படம் கறுப்பைக் காட்டும். அது எங்கிருந்து வந்த கறுப்பு என்று காட்டாது. ரோட்டு லாரிப் புகையா, அடுப்பா, வேறா என்பதை லேப்தான் சொல்லணும். கேமராவை நம்பி அந்த வேலையை விட்டுவிடக்கூடாது. “அது தெரியும் சார்” என்றார். “மொதல்ல, இருக்குன்னு ஒத்துக்கட்டும்.”

பிறகு அவரே ஒரு யோசனை சொன்னார். உள்ளே போய் வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்றை எடுத்து வந்தார். பாதியை நியூஸ்பேப்பரால் மூடி, கல் வைத்து, மாடியின் நடுவில் வைத்தார். “நாளைக்கு இதே நேரம் வந்து எடு தம்பி. காலைல நான் பெருக்கிட்டேன், இப்ப பாத்தது ஒண்ணும் இல்ல.”

எங்களுக்குக் கல்யாணத்தோடு ஊர் திரும்பும் திட்டம். பையன் தங்கிவிட்டான். அக்காவிடம் நான் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

மறுநாள் சாயங்காலம் படம் வந்தது. தட்டு சட்டத்தின் நடுவில். காகிதத்தை எடுத்த பாதி வெள்ளை. திறந்திருந்த பாதி, பல தடவை துவைத்த பள்ளிக்கூடச் சட்டையின் நிறம். இரண்டுக்கும் நடுவில் ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி கோடு. தேதி சரி. நேரம் சரி. செட்டிங், முந்தின நாள் வைத்ததுதான்.

கீழே ஒரு வரி எழுதியிருந்தான்: ‘நேத்து காத்து கம்மியாம் மாமா. வாடைக்காத்து அடிக்கும்போது இன்னொரு தடவை வரச் சொல்றாங்க.’